அடித்தட்டில் ஒரு துளை

3 பிப்ரவரி, செவ்வாய்

பார்சல் வந்துவிட்டது. நான்கு நாளில் வரும் என்றார்கள், பதினொரு நாள் ஆயிற்று. பெட்டிக்குள் மூன்று பொருள். உள்ளங்கை அளவில் ஒரு திரை, ஆறு மீட்டர் கேபிள், அந்தக் கேபிளின் நுனியில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி. அதுதான் டிரான்ஸ்டியூசர். தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். சத்தம் கடலடியில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் போட்டு, ஆழத்தைத் திரையில் காட்டும். தூத்துக்குடித் துறைமுகத்தின் சர்வே லாஞ்சில் முப்பத்தொரு வருஷம் இதைத்தான் செய்தேன், இதைவிட நூறு மடங்கு பெரிய கருவியை வைத்துக்கொண்டு. பத்தொன்பது அடிப் பாய்ப்படகில் இந்தப் பொம்மையை மாட்ட ஒரு நாள் போதும்.

ஜனவரி நாலாம் தேதி நடந்தது இனி நடக்காது. அன்று முயல் தீவுக்குத் தெற்கே, வரைபடத்தில் இல்லாத ஒரு மணல்திட்டில் படகு தட்டிவிட்டது. வரைபடம் பழசு. கடல் உள்வாங்கும் வற்று வேறு அன்று வழக்கத்தைவிட அதிகம். ஜெசிந்தா முன்னால் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தப் பக்கமாக வந்த ஒரு மீன்பிடி வள்ளத்தில் இருந்தவர்கள் எங்களை ஏற்றிக்கொண்டு, படகையும் இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

மார்ச் முதல் தேதி அவள் தோஹாவுக்குப் போகிறாள். மகள் ஷெரினுக்குத் தலைப்பிரசவம். திரும்பி வர ஆறு மாதம். அதற்கு முன் ஒரு நாளாவது அவளைப் படகில் கூட்டிப் போக வேண்டும். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என்னுடன் அவள் கடைசியாகக் கடலுக்கு வந்தது அந்த நாள்தான் என்று ஆகிவிடக் கூடாது.

டிக்கெட் அவளுக்கு மட்டும்தான் வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒற்றைக் கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நல்லாருக்கு" என்றாள். பார்த்துவிட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

5 பிப்ரவரி, வியாழன்

படகில் ஓட்டை போடாமலே மாட்டலாம் என்று விளக்கப் புத்தகம் சொல்கிறது. ஃபைபர் தட்டு கெட்டியாக இருந்தால் சத்தம் அதன் ஊடாகவே தண்ணீருக்குள் போய்விடுமாம். ஒட்டுவதற்கு முன் இடத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் முக்கி, பையை அடித்தட்டில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆழம் தெரிந்தால் அது நல்ல இடம்.

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை படகின் வயிற்றுக்குள் குப்புறக் கிடந்து பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரையில் எண் வரவில்லை. மூன்று சிறு கோடுகள்தான் வந்தன. முன்னால் நகர்த்தினேன். கோடு. பின்னால் நகர்த்தினேன். கோடு. பை பிய்ந்து சட்டையெல்லாம் நனைந்தது. எழுந்திருக்கும்போது மண்டையை இடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் கேஸ் தீர்ந்துபோயிருந்தது. புது சிலிண்டரை நான்தான் உருட்டிக்கொண்டுபோய் மாட்டினேன்.

6 பிப்ரவரி, வெள்ளி

இன்றும் கோடுகள்தான்.

8 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது வாசலில் பழைய ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். இழுவைக் கப்பலில் டக்மாஸ்டராக இருந்த லூர்து மிராண்டா என்னைப் பார்த்ததும் சத்தமாகக் கேட்டார்.

"என்ன கொரேரா, தண்ணி எங்க கெடக்குன்னு கண்டுபிடிச்சாச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். மணல் இடம் மாறும், கடைசியாக வந்த புயலுக்குப் பிறகு அந்தத் திட்டு நானூறு மீட்டராவது வடக்கே நகர்ந்திருக்கும் என்று விளக்கினேன். பாதியிலேயே அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். ஜெசிந்தா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தாள்.

9 பிப்ரவரி, திங்கள்

சரி, உள்ளே வேண்டாம் என்று படகின் பின்பக்கத்தில், தண்ணீருக்குள் இறங்கும்படி ஒரு கம்பித்தாங்கியில் மாட்டினேன். துறையில் கட்டியிருந்தபோது அழகாக 1.8 காட்டியது. குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்தேன். அதே 1.8. பாயை விரித்து வெளியே போனேன். காற்று பிடித்துப் படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் கருவி தண்ணீரைவிட்டு மேலே வந்துவிட்டது. கோடு. மறுபக்கம் திருப்பினால் எண் வருகிறது, அதுவும் கண்டபடி. நாலு, ஒன்று, பதினேழு. பதினேழு மீட்டர் ஆழம் அங்கே ஆதாம் காலத்திலும் இருந்ததில்லை.

கழற்றிவிட்டேன்.

11 பிப்ரவரி, புதன்

தொம்மையைக் கூப்பிட்டேன். ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடுகிறவர், நாற்பது நாற்பத்தைந்து வயது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடித்தட்டை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். நான் இரண்டு நாள் சோதித்த இடத்தில் இரண்டு ஃபைபர் தட்டுகளுக்கு நடுவே பிளைவுட் இருக்கிறதாம். பலகைக்குள் புகுந்த சத்தம் எப்படி வெளியே போகும் என்றார். கெட்டியான ஒரு இடத்தைத் தட்டிக் கண்டுபிடித்துப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தார்.

ஒட்டும்போது எபாக்சியில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, தான் இருந்து செய்துதருகிறேன் என்றும் சொன்னார். எபாக்சி எனக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒட்டியாயிற்று. நாளைக்குள் இறுகிவிடும்.

12 பிப்ரவரி, வியாழன்

0.4.

துறையில் 0.4. துறைக்கு வெளியே 0.4. கப்பல் போகிற கால்வாயின் ஓரத்திலும் 0.4. குமிழி.

13 பிப்ரவரி, வெள்ளி

உளி வைத்துப் பெயர்த்தேன். டிரான்ஸ்டியூசர் இரண்டாகப் பிளந்து வந்தது. பத்து நாள் வேலை என் கையில் இரண்டு துண்டாக இருந்தது.

தொம்மை வந்து பார்த்தார். "நான்தான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். விசைப்படகுச் சாமான் கடையில் காளான் மாதிரி ஒரு டிரான்ஸ்டியூசர் கிடைக்கும், தண்டில் மரை போட்டது, அடித்தட்டில் துளை போட்டு மாட்ட வேண்டும், அதுதான் கடைசி வரைக்கும் நிற்கும் என்றார். நல்ல படகில் நானே துளை போடுவதா என்றேன்.

"சார், தட்டுன படகுதானே" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அன்றைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு வந்த வள்ளம் அவருடைய மச்சான் பெஞ்சமினுடையதாம். வழி முழுக்க நான் பாடம் நடத்திக்கொண்டு வந்ததாக அவன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். உதவி செய்தவர்களுக்கு நடந்ததை எடுத்துச் சொன்னது பாடமாம். தொம்மைக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம்.

17 பிப்ரவரி, செவ்வாய்

ஜெசிந்தாவுக்கு மாவுக்கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. எப்படி அடிபட்டது என்று புது டாக்டர் கேட்டார். நான் வற்றிலிருந்து ஆரம்பித்தேன்.

"கீழ விழுந்துட்டேன் டாக்டர்" என்றாள் ஜெசிந்தா.

அவ்வளவுதான். டாக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் காளானை வாங்கினேன். வெண்கலம், நல்ல கனம். அவள் ஆட்டோவிலேயே இருந்தாள்.

18 பிப்ரவரி, சாம்பல் புதன்

விபூதிப் பூசை. ஒருசந்தி நோன்பு. வேலை இல்லை.

19 பிப்ரவரி, வியாழன்

படகைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கரைக்கு இழுத்தோம். தொம்மை அளந்து குறித்தார். அடிப்பக்கம் சரிவாக இருப்பதால் காளான் நேராகக் கீழே பார்க்காதாம். அந்தச் சரிவுக்கு ஏற்றபடி ஒரு மரத்துண்டை ஆப்பு மாதிரி சீவி நடுவில் வைக்க வேண்டும். காலை முழுக்க அதைச் சீவினோம். இரண்டு தடவை கோணல். மூன்றாவதுதான் உட்கார்ந்தது.

பிறகு துளை. டிரில்லில் வட்ட ரம்பத்தை மாட்டி அவர் கையில் கொடுத்தேன். "உங்க படகு, நீங்களே போடுங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார். வாழ்நாளெல்லாம் தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டவன், படகின் முதுகெலும்பான ஏராவுக்குப் பக்கத்தில் ரம்பத்தை வைத்து அழுத்தினேன். ஃபைபர் தூள் மூக்கில் ஏறியது. கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது. பாதியில் ரம்பம் சிக்கி டிரில் கையைத் திருகிவிட்டது. மணிக்கட்டில் சுள்ளென்று ஒரு வலி. சாயங்காலம் வரை இருந்தது.

வட்டமாக ஒரு வில்லை கழன்று விழுந்தது. துளை வழியாகப் பார்த்தேன். படகுக்குள்ளிருந்து தரை தெரிகிறது.

20 பிப்ரவரி, வெள்ளி

சீலன்ட் பூசிக் காளானை ஏற்றி நட்டு இறுக்கினோம். மூன்று நாள் தொடக் கூடாது என்பது தொம்மையின் உத்தரவு.

மத்தியானம் சாப்பிடும்போது ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். ஆப்பு, துளை, சீலன்ட். ஆழம் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் கருவி கீச்கீச்சென்று கத்தும், உடனே படகைத் திருப்பிவிடலாம், இனிப் பயமே இல்லை, வருகிற வாரம் ஒரு நாள் போய்விட்டு வருவோம் என்றேன்.

மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அது சொன்னா திருப்பிருவீங்களா?"

"பின்ன? அதுக்குத்தானே மாட்டுதேன்."

"சரி" என்றாள். எழுந்துபோய்க் கை கழுவினாள்.

நான் சொன்னதில் என்ன தப்பு? பதினேழு நாளாக இதற்காகத்தான் முதுகொடிய வேலை செய்கிறேன். ஒரு வார்த்தை, நல்லது என்று ஒரு வார்த்தை. அதுகூட இல்லை.

21 பிப்ரவரி, சனி

சீலன்ட் இறுகும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. காலை காபிக்குப் பிறகு, இந்த நோட்டில் மூன்றாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு வரியும் உண்மைதான். நடந்தது மட்டும் அதில் இல்லை.

நடந்தது இது. தீவைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் சரியில்லை என்று ஜெசிந்தா சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க, அடியில மண்ணு தெரியுது" என்றாள். 2008-இல் அந்த இடத்தை அளந்து வரைபடத்தில் ஏற்றியது நான்தான். அங்கே நாலரை மீட்டர் ஆழம் என்றேன். நம்பாமல் அவள் எழுந்து முன்னால் போய்ப் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவள் அங்கே நின்றது அதற்காகத்தான். மூன்றாம் முறை சொல்லவில்லை, கத்தினாள். திருப்புங்க என்று. நான் திரும்பக் கத்தினேன்.

"முப்பத்தொரு வருஷமா அளந்தவனுக்கு நீ சொல்லித் தாறியா? உக்காரு."

அப்போதுதான் தட்டியது.

நேற்று அவள் கேட்டது இப்போதுதான் புரிகிறது. கருவி சொன்னால் கேட்பேன். அவள் சொன்னால் கேட்க மாட்டேன். நானே என் வாயால் அதைச் சொன்னேன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

22 பிப்ரவரி, ஞாயிறு

சொல்ல வேண்டும். பூசைக்குப் போகும் வழியில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆட்டோக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். வரும் வழியில் அவளுடைய தங்கை கூட வந்தாள். மத்தியானம் ஷெரின் போன்.

23 பிப்ரவரி, திங்கள்

படகை இறக்கினோம். கால் மணி நேரத்தில் நட்டைச் சுற்றி ஈரம். தொம்மை கால் சுற்று இறுக்கினார். நின்றது. ஸ்விட்சைப் போட்டேன். 1.9. கயிற்றை விட்டோம். 1.9. துறைக்கு வெளியே 3.2, கால்வாய் ஓரம் 6.5. படகைச் சாய்த்து ஓட்டினோம். எண் அசையவில்லை.

தொம்மை கைகொடுத்தார். நானும் கொடுத்தேன். இருபது நாள் பட்ட பாட்டுக்கு மேலும் கீழும் குதிக்க வேண்டும்போல் இருந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை.

24 பிப்ரவரி, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். நீ மூன்று முறை சொன்னாய், நான் கேட்கவில்லை, கத்தினேன், தப்பு என்மேல்தான் என்று. ஒத்திகை பார்த்துவைத்ததால் தடுமாறவில்லை.

"அது எனக்குத் தெரியுமே" என்றாள்.

ஒரு பல் பூண்டை உரித்து முடித்தாள். பிறகு, தட்டியதற்கு அவளுக்குக் கோபம் இல்லை என்றாள். நான் கேட்காமல் போவது புதிதும் இல்லையாம்.

"வள்ளத்துல வரும்போது நான் எங்க இருந்தேன், தெரியுமா உங்களுக்கு?"

யோசித்தேன். பெஞ்சமினின் முகம் நினைவிருக்கிறது. டீசல் வாசனை நினைவிருக்கிறது. திட்டு எப்படி நகர்ந்தது என்று காட்ட, ஈர விரலால் பலகையில் நான் போட்ட கோடுகூட நினைவிருக்கிறது. ஜெசிந்தா எங்கே இருந்தாள் என்று வரவில்லை.

"ஐஸ் பெட்டிக்கு அந்தாண்ட, தரையில. கை தொங்கிட்டு இருந்துச்சு. அந்த ஆளுகள்ல ஒருத்தர் தன் தலையில கெடந்த துண்ட அவுத்துக் கட்டிவிட்டார். யாருன்னுகூடத் தெரியாது. நீங்க அவங்ககிட்ட வத்தம் ஏத்தம்னு பேசிட்டு இருந்தீங்க. கரை வர்ற வரைக்கும் திரும்பல."

அவள் அழவில்லை. நேற்றைக்குப் பால் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அன்று வள்ளம் கரை சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

தப்பை ஒத்துக்கொள்ளப் போய், தப்பு எதுவென்றே தெரியாமல் நின்றேன்.

25 பிப்ரவரி, புதன்

ஒன்றும் எழுத முடியவில்லை. பைப்பில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குப் போன் செய்தேன்.

26 பிப்ரவரி, வியாழன்

அவள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியின் ஜிப்பை இழுக்கும்போது இடது கையை விட்டு வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன். ஐம்பத்து மூன்று நாளில் இதைக் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், மாத்திரை வாங்கினேன், மீன் கழுவினேன். கேட்டதாக நினைவில்லை.

"வலிக்கு" என்றாள்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவளாகவே பேசினாள். காலையில் எழுந்ததும்தான் அதிகமாம். குழாயைத் திருக முடியவில்லை. ஜாக்கெட்டின் பின் கொக்கிக்கு எட்டவில்லை. பாத்திரம் பிடித்தால் இரண்டு நிமிஷத்தில் விரல் மரத்துப்போகிறது. இது ஒன்றையும் ஷெரினிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள்.

"பிள்ளைய எப்படிக் குளிப்பாட்டுவேன்னு தெரியல. சோப்பு போட்டா வழுக்கும். இந்தக் கையை நம்பி ஒரு பச்சப்பிள்ளைய எடுக்க முடியாது. போகாம இருந்திரலாமான்னுகூட யோசிச்சேன்."

நானும் வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது. வந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நீ சொல்கிறபடி பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.



27 பிப்ரவரி, வெள்ளி

ஷெரினிடம் பேசினேன். "அப்பா, இங்க உங்களுக்குப் படகு ஒண்ணும் கெடையாது, தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். அதே விமானத்தில் இடம் இல்லை. நான் ஒன்பதாம் தேதி போகிறேன். பிரசவத்துக்கு அதற்குப் பிறகும் ஒரு வாரம் இருக்கிறது.

படகில் போய்விட்டு வரலாமா என்று நான் ஜெசிந்தாவிடம் கேட்கவில்லை. அவளும் பேச்சை எடுக்கவில்லை. தொம்மையிடம் சாவியைக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை ஓட்டுங்கள், கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அந்தத் துண்டுக்காரர் யார் என்று பெஞ்சமினிடம் விசாரிக்கச் சொன்னேன். தொம்மைக்கே தெரிந்திருந்தது. பெயர் இருதயம், திரேஸ்புரத்தில் வீடு.

28 பிப்ரவரி, சனி

காலையில் இருதயத்தைப் போய்ப் பார்த்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தார். நன்றி என்றேன். அக்காவுக்குக் கை தேவலையா என்று கேட்டார். இன்னும் வலிக்கிறது, காலையில் அதிகம் என்றேன். திட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாளை விடியற்காலையில் திருவனந்தபுரத்துக்குக் கார் வருகிறது. எல்லாம் கட்டியாயிற்று. மத்தியானம் கூடத்தில் பாய் விரித்து ஜெசிந்தா என்னைக் காலை நீட்டி உட்காரச் சொன்னாள். ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டி, மேல் நுனியில் ஒரு தேங்காயை முடிந்து என் காலில் கிடத்தினாள். தேங்காய்தான் தலையாம். இடது கை எங்கே இருக்க வேண்டும், வலது கையால் எப்படித் தண்ணீர் ஊற்ற வேண்டும், கவிழ்த்துப் போடும்போது எந்த விரல் எங்கே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சர்வே லாஞ்சில் நான் இப்படித்தான் ஆட்களுக்குச் சொல்வேன். இவ்வளவு பொறுமையாக அல்ல.

திருப்பினேன். தேங்காய் பின்னால் சாய்ந்து தொங்கியது.

"கழுத்து" என்றாள்.

கையை மாற்றிப் பிடித்தேன்.